ஏரிப் பக்கத்துச் சுவர்

விழுப்புரத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது மழை விட்டு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நடைமேடைக் கூரையிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூர்க்காரியான எனக்கு மழை என்றால் மேற்கே மலைப் பக்கமிருந்து வர வேண்டும். இங்கே அது கிழக்கிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத கடலிலிருந்து வருகிறது. அதனாலோ என்னவோ, அங்கே இருந்த நான்கு நாட்களும் எனக்குத் திசை பிடிபடவே இல்லை. ஏதோ கண்ணாடிக்குள் தெரியும் ஊரில் நடமாடுவது போலவே இருந்தது.

என் வேலை பழைய கட்டடங்களை அளந்து வரைவது. இடிப்பதானாலும் புதுப்பிப்பதானாலும் முதலில் ஒருவர் போய், சுவர் எத்தனை கனம், தூண் எத்தனை உயரம், எங்கே விரிசல் என்று தாளில் கொண்டுவர வேண்டும். அந்த ஒருவர் நான். திண்டிவனத்தைத் தாண்டி ஒலக்கூர்ப் பக்கம், பழைய பெரிய சாலையை ஒட்டி ஒரு சத்திரம். வழிப்போக்கர்கள் தங்குவதற்காக ஒரு குடும்பம் எப்போதோ கட்டியது. அந்தக் குடும்பத்தில் இப்போது மிஞ்சியிருப்பவர் புதுச்சேரியில் இருக்கும் லீலாவதி அம்மாள். அதைப் பழையபடி நிமிர்த்தலாமா என்று எங்கள் அலுவலகத்தில் கேட்டிருந்தார். "ஆளில்லாத கட்டடம். மூணு நாள்ல அளந்துட்டு வந்துடலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழி நெடுக ஏரிகள் நிரம்பிக் கிடந்தன. எங்கள் ஊரில் குளம் என்றால் சுற்றிலும் வேலி, நடைபாதை, பெயர்ப்பலகை. இங்கே தண்ணீர் எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் யாரிடமோ போனில் பேசிக்கொண்டே வந்தாள். "வந்துக்கினே இருக்கேன், நீ ஒலை வெச்சிடாத. இந்த பஸ்ஸு எறங்கி நடக்கறவன விட மெதுவாப் போவுது." நடத்துநர் அதைக் கேட்டுக்கொண்டே அவளைத் தாண்டிப் போனார். அவருக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை என்று தோன்றியது.

சத்திரத்துக்கு ஆட்டோவில் போனேன். ஓட்டுநர் வாசலில் இறக்கிவிட்டு, "இத்த இடிச்சிட்டு ஒரு கல்யாண மண்டபம் கட்டினா நல்லா ஓடும் மேடம்" என்று யோசனை சொல்லிவிட்டுப் போனார்.

முன்னால் எட்டுக் கல்தூண்கள் உள்ள மண்டபம். அதற்குப் பின்னால் முற்றம். முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நீண்ட அறை. அறையின் பின்சுவருக்கு அப்பால் ஏரி. மண்டபத்துக்குள் காலை வைத்ததும் நின்றுவிட்டேன். உள்ளே வெளிச்சம் நீலமாக இருந்தது. தரை, தூண், என் கை எல்லாமே நீலம். அண்ணாந்து பார்த்தேன். தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய கூரை அது. செங்கல் உதிர்ந்த ஓட்டைகளிலெல்லாம் மேலிருந்து பிளக்ஸ் பேனர்களைப் போர்த்திக் கட்டியிருந்தார்கள். ஓர் ஓட்டை வழியாக மாலையும் கழுத்துமாக ஒரு மாப்பிள்ளை எட்டிப் பார்த்துச் சிரித்தார். இன்னொன்றில் ஒரு வயதுக் குழந்தை. அவர்களுக்குப் பின்னால் இருந்த வெயில்தான் நீலமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"யாரு? கவர்மென்ட்டா?"

முற்றத்துப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. கட்டட வேலைக்குப் போகிற பெண்கள் போடுவது.

"இல்லீங்க, அளக்க வந்திருக்கேன். இங்க யாரும் இல்லைன்னு சொன்னாங்க."

"அப்பிடித்தான் சொல்லுவாங்க" என்றாள்.

அவள் பெயர் கன்னியம்மா. திண்டிவனத்தில் கட்டும் வீடுகளில் சித்தாள் வேலை. மகள் விழுப்புரத்தில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். குடிசை ஒரு மழையில் போனதிலிருந்து இவள் வாசம் இந்தச் சத்திரத்தின் பின்னறையில். மழை நாட்களில் வேலை இல்லாததால் அன்று வீட்டில் இருந்தாள். என்னை உள்ளே விட அவளுக்கு மனமில்லை. ஆனால் நான் ஒற்றை ஆளாக நாடாவின் ஒரு முனையைச் செங்கல்லால் அழுத்திவிட்டு மறுமுனைக்கு ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வந்து அந்த முனையைப் பிடித்துக்கொண்டாள். நாடா தொய்யாமல் எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மதியம் கேப்பைக் கூழும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தாள். நான் "ராகிங்களா?" என்று கேட்டதற்கு, "கேப்பை" என்று திருத்தினாள். கூரைக்கு அவள் மாதம் ஒருமுறை ஏறுவாளாம். கல்யாணம் முடிந்து கழற்றிப் போடும் பேனர்களைக் கேட்டு வாங்கி வந்து கட்டுவாள். முளைத்திருக்கும் அரசங்கன்றுகளைப் பிடுங்கிப் போடுவாள். "வேர் உட்டா செவுரத் தின்னுடும்" என்றாள். வேலை முடிந்த இடங்களில் மீந்த சிமென்ட் கலவையைப் பாண்டுச் சட்டியில் அள்ளிவந்து, உதிர்ந்த சுவர்களில் பூசியிருந்தாள். கீழே முழங்கால் உயரத்துக்கு எல்லாச் சுவரிலும் அவள் கைப்பூச்சு தெரிந்தது.

பிற்பகலில் பின்னறையை அளந்தேன். ஏரிப் பக்கத்துச் சுவரில் தூக்குக்குண்டை மேலிருந்து இறக்கினால் நூல் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லை. நடுவில் சுவர் அறைக்குள் வயிறு தள்ளியிருந்தது. ஒரு விரிசல் தரையிலிருந்து நேராக ஏறி, தலைக்கு மேலே வில் போல வளைந்து, மறுபக்கம் இறங்கியது. இப்படி வளையும் விரிசலை நான் பார்த்ததில்லை. கீழே கன்னியம்மாவின் பாய். தலையணை சுவரை ஒட்டிக் கிடந்தது.

"இங்க படுக்காதீங்க" என்றேன். "இந்தச் சுவர் நிக்காது."

அவள் முகம் மாறியது. "அக்கா, இதே வார்த்தைய இந்த நெலத்தப் பாத்துக்கற ஆளு மூணு வாட்டி வந்து சொல்லிட்டாரு. செவுரு உழுந்துடும், காலி பண்ணுன்னு. செவுரும் உழுல, நானும் போவல. உங்களயும் அவங்கதான அனுப்பினாங்க?"

ஆமாம் என்று சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. உண்மையைச் சொன்னால் பொய் போலக் கேட்கும் இடத்தில் நான் நின்றிருந்தேன். கடைசியில் பையிலிருந்து மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து, விரிசலின் குறுக்கே வைத்து இரண்டு முனையையும் பிளாஸ்டர் மாவுக் கலவையால் ஒட்டினேன்.

"நான் சொல்றத நம்ப வேண்டாங்க. சுவர் அசையலைன்னா கண்ணாடி அப்படியே இருக்கும். அசைஞ்சா உடையும். உடைஞ்சுதுன்னா மட்டும் முன் மண்டபத்துல படுங்க. அது கெட்டியா இருக்குது."

அவள் கண்ணாடியை மட்டும் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

மறுநாள் காலை திண்டிவனம் லாட்ஜிலிருந்து அவளுக்குப் போன் செய்தேன். "அப்பிடியேதான் இருக்குது" என்றாள். குரலில் கொஞ்சம் வெற்றி இருந்தது.

அன்று வல்லம் போக வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சமணர்கள் தங்கள் சின்னக் கோவிலைச் சுண்ணாம்பில் பழுது பார்த்திருப்பதாகவும், சுண்ணாம்பு எங்கே கிடைக்கிறது என்று கேட்டு வரும்படியும் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். பாதி வழியில் பஸ் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்று இல்லை. எல்லோரும் இறங்கிச் சாலையோரப் புளியமரங்களுக்கு அடியில் நின்றோம். எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் நாலு பேர் டிப்போவுக்குப் போன் போட்டிருப்பார்கள். இங்கே ஒருவர் துண்டை விரித்துப் படுத்தே விட்டார். தூரத்தில் செஞ்சிப் பக்கத்துப் பாறைக்குன்றுகள், யாரோ கொட்டிவிட்டு அடுக்க மறந்துபோனவை போல, மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தன. எனக்கும் அவசரம் போய்விட்டது. ஒன்றரை மணி நேரம் கழித்து வேறு பஸ் வந்தது.

நான் தேடிப் போன அப்பாண்டைராஜ் ஐம்பத்தைந்து வயது வியாபாரி. கோவில் வேலையை ஊர் சார்பில் நின்று பார்த்தவர். போய்ச் சேரும்போது நாலரை மணி. அவர் மனைவி என்னை உட்காரக்கூட விடாமல் இலை போட்டார். "ஜல்தியா சாப்ட்டுடுங்கம்மா. பொழுது சாஞ்சிட்டா நாங்க அடுப்பு பத்தவைக்க மாட்டோம்." மோர்க்குழம்பும் வாழைக்காய்ப் பொரியலும் சுடச்சுட வந்தன. வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சம் தீருவதற்குள் தெரு முழுக்க எல்லா வீட்டிலும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்க நன்றாக இருந்தது.

பிறகு கோவிலைக் காட்டினார். சுவர்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. சுண்ணாம்புப் பூச்சு அருமையான வேலை. கருவறைக்கு முன்னால் விதானத்தைக் காட்டி, "இங்க ஓவியம் இருந்துச்சிங்க" என்றார். வெறும் கல்தான் இருந்தது. "தாமரைக்கொளம். யானை எறங்கிக் குளிக்கிற மாதிரி. புகை படிஞ்சி மங்கலாத்தான் தெரியும். கோவிலுக்கு வேலை பாக்கறோமே, அதையும் சுத்தம் பண்ணலாம்னு மணல் அடிக்கிற மிஷின் வச்சோம்." கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றார். "சுத்தம் பண்ணோம். சுத்தமாப் போயிடுச்சி."

அவர் ஆறுதலை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. கோவிலுக்குப் பின்னால் ஒரு குழியைத் திறந்து காட்டினார். தண்ணீருக்கடியில் நீற்றிய சுண்ணாம்பு வெண்ணெய் மாதிரி இருந்தது. வேலைக்குப் போக மீந்தது. "தண்ணி நிக்கிற வரைக்கும் கெடாது. உங்க சத்திரத்துக்கு வேணும்னா எடுத்துக்குங்க. எங்களால ஒண்ணு போச்சி, வேற ஒண்ணு நிக்கட்டுமே."

மூன்றாம் நாள் காலை சத்திரத்துக்குப் போனபோது கன்னியம்மா முற்றத்தில் காத்திருந்தாள். என்னை நேராகப் பின்னறைக்குக் கூட்டிப்போனாள். என் கண்ணாடி நடுவில் மயிரிழையாய் உடைந்திருந்தது. அதற்கு மேலும் கீழுமாக வேறு மூன்று கண்ணாடித் துண்டுகள். பாதி ரசம் போன முகக்கண்ணாடித் துண்டுகள். என் கண் ஒன்றில் தெரிந்தது. எல்லாமே உடைந்திருந்தன.

"உங்களுது மெல்லிசுக் கண்ணாடி. ஒடையறதுக்குன்னே கொண்டாந்ததோன்னு நெனைச்சேன்" என்றாள். "மொகம் பாக்கற கண்ணாடி ஒடைஞ்சது கெடந்துச்சி. அன்னிக்கு சாய்ங்காலமே கலவை வெச்சி நானே ஒட்டினேன். நேத்து பொழுதோட கூட நல்லாத்தான் இருந்துச்சி. காலைல பாத்தா மூணும் போச்சி." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க பொய் சொல்லலக்கா."

சாமான்களை விடியற்காலையிலேயே முன் மண்டபத்துக்கு மாற்றியிருந்தாள். ஒரு டிரங்குப் பெட்டி மட்டும் மிச்சம். மகளின் சான்றிதழ்களும் பாத்திரங்களும் அதில். ஒற்றை ஆளாகத் தூக்க முடியவில்லை. அதை விட்டுவிடலாம் என்றால் கேட்க மாட்டாள் என்று தெரிந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். அறையைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, மண்டபத்தில் தூண் ஓரமாக இறக்கி வைத்தோம். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

சத்தம் பெரிதாக இல்லை. நாள் முழுக்க நின்றவர் உட்காரும்போது விடும் மூச்சு மாதிரி ஒன்று. அதற்குப் பிறகு செங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளும் ஓசை. முற்றம் முழுக்கச் செம்மண் புழுதி எழும்பி, நீல வெளிச்சத்துக்குள் மெதுவாக நுழைந்து வந்தது. என் கையை யாரோ இறுக்கிப் பிடித்திருப்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

புழுதி அடங்கியதும் எட்டிப் பார்த்தோம். உத்திரங்கள் அந்தச் சுவரில் உட்காராமல் பக்கச் சுவர்களில் உட்கார்ந்திருந்ததால் கூரை தப்பியிருந்தது. பாய் கிடந்த இடத்தில் இடுப்பளவுக்குச் செங்கல் குவியல். ஆனால் சுவர் முழுதாக விழவில்லை. நடுவில் ஒரு பெரிய வளைவு நின்றது. நல்ல சுட்ட செங்கல்லில் கட்டிய வாசல் வளைவு. முன்னொரு காலத்தில் அது ஏரிக்கு இறங்கும் வாசலாக இருந்திருக்கிறது. பிறகு யாரோ மண் வைத்து அடைத்துப் பூசி, சுவராக்கிவிட்டார்கள். அந்த அடைப்பும் அதன் ஓரமும்தான் பெயர்ந்து விழுந்திருந்தன. விரிசல் வளைந்து போனதற்குக் காரணம் புரிந்தது.

வளைவுக்குள் ஏரி இருந்தது. நிரம்பிய தண்ணீர், அதன்மேல் அசையாத வானம், தூரத்தில் ஒரு கொக்கு. கன்னியம்மா செங்கல் குவியலை மறந்துவிட்டு அதையே பார்த்தாள்.

"இத்தினி வருசமா இது என் தலைமாட்டுலயா இருந்துச்சி?" என்றாள்.

தகவல் சொன்ன மறுநாளே லீலாவதி அம்மாள் புதுச்சேரியிலிருந்து காரில் வந்துவிட்டார். எழுபது வயதை நெருங்கியவர், குடையை ஊன்றிக்கொண்டு நடந்தார். வளைவின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு கன்னியம்மாவிடம் திரும்பினார்.

"உங்கள இங்க இருக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலம்மா. மழைக்கு ஒதுங்கினேன்."

"எத்தனை வருஷம்?"

"பதினோரு மழை ஆயிடுச்சி."

அம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டார். "சுவர் ஏன் விழுந்தது? இந்தச் சிமென்ட் பூச்சாலயா?"

கன்னியம்மா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'அடைப்பு பலவீனமானது' என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் நான் வரையப்போகும் தாளில் மற்றதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

"அதுவும் ஒரு காரணங்க" என்றேன். "பழைய சுவர் ஈரத்தை வெளிய விடணும். சிமென்ட் அத உள்ளயே பிடிச்சு வச்சுக்கும். மண் அடைப்பு ஊறிப்போச்சு. ஆனா ஒண்ணு சொல்லணுங்க. இந்தக் கூரை பதினோரு மழை தாங்கினது இவங்களாலதான். இவங்க ஏறிக் கட்டலைன்னா உத்திரம் மக்கிப் போயிருக்கும். நான் அளக்கறதுக்கு இங்க ஒண்ணுமே இருந்திருக்காதுங்க."

இரண்டாவது பாதி கன்னியம்மாவின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "நான் பூசினதாலயா?" என்று ஒருமுறை கேட்டாள். அப்புறம் வளைவு வழியாக ஏரிப் பக்கம் இறங்கிப் போய்விட்டாள். எனக்கு அப்பாண்டைராஜ் மேலே பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது.

லீலாவதி அம்மாள் மண்டபத்தில் இருந்த டிரங்குப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தார். கூரையில் சிரித்த மாப்பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்கப்பா பாண்டியில ரெண்டு வீட்டுக்குப் பூட்டு போட்டு வச்சிருந்தார். பத்திரமா இருக்கும்னு நம்பினார். ஒரு நாள் பூட்டு மட்டும்தான் பத்திரமா இருந்தது" என்றார்.

கன்னியம்மா திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. எங்கள் இருவரையும் பொதுவாகப் பார்த்துக் கேட்டாள். "இனிமே என்னா போட்டுப் பூசணும்?"

"சுண்ணாம்பு" என்றேன். "வல்லத்துல ஒரு குழி நிறைய இருக்குது."

"வேலை ஆரம்பிச்சா இங்க தூசி தாங்காது" என்றார் அம்மாள் அவளிடம். "முன் மண்டபத்துல இருந்துக்க முடியுமா?"

அவள், "வேலைக்கு ஆளு வெளியில இருந்துதான் கூட்டியாருவீங்களா?" என்று கேட்டாள்.

"சித்தாளுக்கு நீங்க இருக்கீங்களே" என்றார் அம்மாள்.

அன்று மாலையே ரயில். அங்கிருந்த கடைசி ஒரு மணி நேரத்தில் ஏரிப் பக்கத்துச் சுவரை வரைந்து முடித்தேன். அடைத்த சுவராக அல்ல, வாசலாக. தாளின் ஓரத்தில் 'ஆளில்லாத கட்டடம்' என்று அலுவலகத்தில் முன்பே அச்சிட்டிருந்த வரியை அடித்துவிட்டு, 'குடியிருப்பவரும் கூரையைப் பராமரிப்பவரும்: கன்னியம்மா' என்று எழுதினேன்.

விழுப்புரம் நடைமேடையில் மறுபடி மழை. கிழக்கு எது என்று தேடிப் பார்த்தேன். கண்டுபிடிப்பதற்குள் ரயில் வந்துவிட்டது.

மழைக்காலம் போய், தை பிறந்து, வேலை தொடங்கி நடந்துகொண்டிருந்த ஒரு பகலில் கன்னியம்மாவே போன் செய்தாள். பின்னால் கொத்துக்கரண்டி உரசும் சத்தமும் யாரோ கத்தும் சத்தமும் கேட்டன. அவசரமாகப் பேசினாள்.

"அக்கா, ஏரி வாசலுக்குக் கதவு போட தச்சரு வந்துக்கிறாரு. வெளிப்பக்கம் தொறக்கற மாதிரி போடறேன்றாரு. நான் வாணாம்னுட்டேன். உள்பக்கம்தான் தொறக்கணும். நீங்களும் அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ஏனுங்க, வெளிப்பக்கம் திறந்தா என்ன?"

"ஏரிக்காத்துக்கு ராப்பகலா அடிச்சிக்கினே கெடக்கும்க்கா. அப்பறம் நான் எப்பிடித் தூங்கறது?"